பீலித் தண்ணீர் திருகோணமலைக்குப் போகிறது
(கல்விச் சுற்றுலா போகும் சின்னப் பிள்ளைகளுக்கும், அனுப்பி வைக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்)



பாடசாலைத் தவணை முடிகிற காலம் வந்தால் தோட்டங்களில் சுற்றுலாப் பேச்சு கிளம்பிவிடும். "டீச்சர், எங்க போறோம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "எவ்வளவு காசு கட்டணும்?" என்று அம்மாமார் கேட்பார்கள். பல பாடசாலைகளுக்கு விடை ஒன்றுதான்: திருகோணமலை. கோணேசர் கோவில், கன்னியா வெந்நீர்க் கிணறு, நிலாவெளிக் கடல். இரவோடு இரவாக பஸ் ஏறி, அடுத்த நாள் சுற்றிப் பார்த்து, தூங்கித் தூங்கி விழுந்துகொண்டு திரும்பி வருவார்கள்.

கைக்காசைப் போட்டு அனுப்புகிறோம். சில வீட்டில் சம்பள நாளுக்கு முந்தி கடன் வாங்கியும் கட்டுகிறார்கள். பிள்ளை ஒரு சிப்பியும் கொஞ்சம் மணலும் கொண்டு வருவதோடு அந்தச் செலவு முடிந்துவிடலாமா? தரம் 3, 4, 5 படிக்கும் பிள்ளைகளுக்கு 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று ஒரு பாடமே இருக்கிறது. அந்தப் பாடத்தில் தண்ணீரைப் பற்றி வரும் பலவற்றையும் திருகோணமலைப் பயணத்தில் கண்ணால் காணலாம். ஆனால் அந்தப் பாடம் திருகோணமலையில் தொடங்குவதில்லை. நம்முடைய லயத்துப் பீலிக்கரையில் தொடங்குகிறது.

நம்ம தண்ணி எங்க போகுது?

பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "ஆத்துக்குப் போகுது" என்பார்கள். ஆறு எங்கே போகிறது? "தெரியாது" என்பார்கள். பெரியவர்களிலும் பலருக்கு இது தெரியாது. ஆகவே முதலில் வழியைச் சொல்லிவிடுவோம்.

தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, நானுஓயா பக்கத்துத் தோட்டங்களின் ஓடைகள் கொத்மலை ஓயாவில் சேருகின்றன. தலவாக்கலையில் 2012 இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலை அணை இந்த ஓயாவை மறித்துத்தான் கட்டப்பட்டது. அதைத் தாண்டிய தண்ணீர், 1985 இல் திறந்த கொத்மலை நீர்த்தேக்கத்தில் தங்கி, பிறகு மகாவலி கங்கையில் கலக்கிறது. ஹற்றன் பக்கத்து ஓடைகளில் ஒரு பகுதியும் வட்டவளை, நாவலப்பிட்டி வழியாக மகாவலிக்கே வருகிறது.

மகாவலி நம் நாட்டின் மிக நீளமான ஆறு. நீளம் 335 கிலோமீற்றர். கம்பளை, பேராதனை, கண்டி என்று வந்து, பொல்கொல்லையில் அதன் தண்ணீர் இரண்டு வழியாகப் பிரிகிறது. 1976 இல் அங்கே ஓர் அணை கட்டி, ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் வழியாக ஒரு பங்குத் தண்ணீரை உக்குவளைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்தப் பங்கு அம்பன் கங்கையில் சேர்ந்து, எலஹர வாய்க்கால் வழியே மின்னேரியா, கவுடுல்லை போன்ற குளங்களின் பக்கம் போய், கந்தளாய்க் குளம் வரைக்கும் எட்டுகிறது. மற்றப் பங்கு விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை அணைகளைத் தாண்டி, மகியங்கனை, மன்னம்பிட்டி வழியாகப் போய், மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. வெருகல் ஆறு என்பதும் மகாவலியின் ஒரு கிளைதான்.

கந்தளாயும் மூதூரும் வெருகலும் திருகோணமலை மாவட்டத்தில் இருக்கின்றன. திருகோணமலை நகரத்துக் குழாய்களுக்குக் குடிதண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்துதான் சுத்திகரித்துப் போகிறது. அப்படியென்றால் லிந்துலையில் ஓர் அம்மா துணி அலசிய தண்ணீரில் ஒரு துளி, பல நாள் கழித்து, திருகோணமலையில் ஒரு பிள்ளையின் கோப்பைக்கு வரலாம். இதைத்தான் பிள்ளைகள் மனதில் வைத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டும்.

எல்லாத் தோட்டத்துத் தண்ணீரும் திருகோணமலைக்குப் போவதில்லை. நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியாத் தண்ணீர் களனி கங்கை வழியாகக் கொழும்புப் பக்கம் போகிறது. பதுளைப் பக்கத்தில் பதுளு ஓயா மகாவலியில் சேருகிறது. ஆனால் கொஸ்லாந்தைப் பக்கத்துத் தண்ணீர் கிரிந்தி ஓயா வழியாகத் தெற்குக் கடலுக்கு இறங்குகிறது. உங்கள் தோட்டம் எந்தப் பக்கம் என்று ஆசிரியரிடமோ, தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாட்டுப் படத்தில் பிள்ளை நீலப் பென்சிலால் அந்த வழியைக் கீறட்டும். முதல் வீட்டுப்பாடம் இதுவே.

போகுமுன் செய்யும் பாடம்: பீலிக்கரையும் ஓடையும்

"வீட்டுப் பக்கத்துல ஓடுற தண்ணிதானே, அதுல என்னா பாடம்?" என்று சிலர் நினைக்கலாம். ஒரு சனிக்கிழமை காலை போதும். செலவு இல்லை. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும். மழை பெய்யும் நாளிலும், மேலே மலையில் மழை இருட்டிக்கொண்டிருக்கும் நாளிலும் ஓடையில் இறங்கவே கூடாது. ஓடைத் தண்ணீர் திடீரென்று ஏறும்.

1. போத்தல் சோதனை. ஒரே அளவான கண்ணாடிப் போத்தல்கள் இரண்டு எடுங்கள். ஒன்றில் பீலித் தண்ணீர், மற்றதில் ஓடைத் தண்ணீர். பெயர் எழுதி ஒட்டி, ஆட்டாமல் ஓர் இரவு வையுங்கள். காலையில் அடியில் எவ்வளவு மண் படிந்திருக்கிறது என்று அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதட்டும். வெயில் நாளில் ஒரு முறை, மழை விட்டு ஓடை அடங்கிய பிறகு ஒரு முறை என்று இரண்டு தடவை செய்தால் வித்தியாசம் தெரியும். அந்த மண் நம்முடைய மலையிலிருந்து போன மேல்மண். தேயிலைத் தூருக்குச் சோறு போடும் மண்.

2. தோடம்பழத் தோல் சோதனை. ஓடைக் கரையில் 10 மீற்றர் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். தோலை மேல் குச்சிக்கு நேரே போட்டு, கீழ்க் குச்சிக்கு வர எத்தனை செக்கன் என்று மணிக்கூட்டில் பாருங்கள். 20 செக்கன் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு செக்கனுக்கு அரை மீற்றர். ஒரு மணித்தியாலத்துக்கு 1.8 கிலோமீற்றர். இதே வேகத்தில் 335 கிலோமீற்றர் போக ஏறக்குறைய 186 மணித்தியாலம், அதாவது எட்டு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. உண்மையில் அணைகளில் தண்ணீர் தங்கித் தங்கிப் போவதால் இன்னும் நெடுநாள் ஆகும். தரம் 5 பிள்ளைக்குக் கணக்குப் பாடமும் இதிலேயே ஆகிறது.

3. கல்லைப் புரட்டும் சோதனை. ஆழமில்லாத இடத்தில் பெரியவர் ஒரு கல்லை மெதுவாகப் புரட்டிக் காட்டட்டும். தட்டையான உடம்பும், வால் பக்கம் மெல்லிய இழைகளும் உள்ள சின்னப் பூச்சிகள் இருந்தால் தண்ணீர் ஓரளவு நல்ல நிலையில் இருக்கிறது. அவற்றுக்கு நல்ல காற்றோட்டமுள்ள தண்ணீர் வேண்டும். கறுத்த சேற்றில் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால், அங்கே அழுக்கு கூடிவிட்டது. பார்த்தபின் கல்லை இருந்தபடியே வைத்துவிட வேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீர் எல்லாம் குடிக்கிற தண்ணீர் ஆகாது. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி ஆகியவற்றைக் கொண்டுவரும் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. அடியில் மண்ணே படியாத போத்தலிலும் அவை இருக்கலாம். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர்தான் நம்பிக்கை.

வழியில்: காற்றும் குளமும்

மே முதல் செப்டெம்பர் வரை நம் மேற்கு மலைகளில் மழையும் பனிமூட்டமும். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் படங்குக் கட்டோடு நனைவார்கள். அதே நாளில் திருகோணமலையில் வெயில் கொளுத்தும். காரணம் என்ன? தென்மேற்குப் பருவக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது காய்ந்த சூட்டுக் காற்றாகிவிடுகிறது. அங்கே அதைக் 'கச்சான்' என்பார்கள். திருகோணமலையின் பெருமழை ஏறக்குறைய ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, வடகீழ்ப் பருவத்தில் வரும். அந்த மாதங்களில் கடலும் கொந்தளிப்பாக இருக்கும். ஆகவே சின்னப் பிள்ளைகளின் சுற்றுலாவை ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையுள்ள காலத்தில் வைப்பது நல்லது. ஹபரணையைத் தாண்டியதும் பஸ் ஜன்னலைத் திறந்து, காற்று எப்படி மாறியது என்று ஆசிரியர் கேட்கட்டும்.

கந்தளாயில் பஸ்ஸை நிறுத்துங்கள். பழைய அரசர் காலத்துக் குளம் இது. கட்டில் நின்று பார்த்தால் கடல் மாதிரித் தெரியும். இங்கே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய உண்மைக் கதை ஒன்று உண்டு. 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி விடியுமுன், ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரம், இந்தக் குளத்தின் கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீடுகளும் வயல்களும் போயின. பிறகு கட்டைத் திரும்பக் கட்டினார்கள். தண்ணீரைச் சேர்த்து வைத்தால் மட்டும் போதாது, சேர்த்து வைத்த இடத்தைப் பார்த்துப் பராமரிக்கவும் வேண்டும் என்பதற்கு இது சாட்சி. நம்முடைய லயத்துத் தண்ணீர்த் தாங்கிக்கும் இதே விதிதான். மூடி இல்லாமல், கழுவாமல் கிடக்கும் தாங்கி எத்தனை தோட்டத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கந்தளாய்த் தண்ணீரில் ஒரு போத்தல், பெரியவர் ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் தண்ணீரில் இறங்க வேண்டாம். முதலை உள்ள குளம்.

திருகோணமலையில் பார்க்க வேண்டியவை

கன்னியா: பக்கத்துப் பக்கத்தில் ஏழு சின்னக் கிணறுகள். ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். இராவணன் கதையைச் சொல்வார்கள். அதைச் சொல்லுங்கள், கேட்கட்டும். கூடவே இதையும் சொல்லுங்கள்: மழைத்தண்ணீர் எல்லாம் ஆற்றோடு போய்விடாது. ஒரு பகுதி நிலத்துக்குள் இறங்குகிறது. மிக ஆழத்துக்கு இறங்கிய தண்ணீர் பூமியின் சூட்டில் சூடாகி, பாறை வெடிப்பு வழியே மேலே வருகிறது. நம்முடைய மலையில் ஊற்றெடுக்கும் தண்ணீரும் நிலத்துக்குள் இறங்கிய மழைதான். ஆனால் அது அவ்வளவு ஆழம் போவதில்லை, அதனால் குளிர்ச்சியாக வருகிறது. மேலே மரமில்லாமல் மொட்டையானால் மழை நிலத்துக்குள் இறங்காமல் வழிந்தோடும். கோடையில் பீலி வற்றும்.

கங்கைப் பாலம்: கிண்ணியா வழியாக மூதூருக்குப் போகும் பாதையில் இந்தப் பாலம் மகாவலியைக் கடக்கிறது. பெரும்பாலான சுற்றுலா பஸ்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டிய இடம் இதுதான். வழியில் கிண்ணியாப் பாலத்தையும் பார்க்கலாம். 2009 இல் திறந்தது, நீளம் 396 மீற்றர். கங்கைப் பாலம் வந்ததும், பாதுகாப்பான இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓரத்தில் வரிசையாக நின்று, "இது நம்ம தண்ணி" என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஊரில் தாவிக் கடக்கிற ஓடை இங்கே எவ்வளவு அகலமாகி, எவ்வளவு மெதுவாக, என்ன நிறத்தில் வருகிறது என்று பார்க்கட்டும்.

துறைமுகமும் குடாவும்: திருகோணமலை உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. சுற்றிலும் குன்று, நடுவில் ஆழமான கடல். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலந்து, கண்டல் மரங்கள் வளர்கின்றன. அந்த மரவேர்களுக்குள் இறால், நண்டு, மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. கிண்ணியா, மூதூர் மீனவர்களின் பிழைப்பு அதில் இருக்கிறது. மேலேயிருந்து சேறும் குப்பையும் வந்தால் அவர்களுக்கும் நட்டம். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத் தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கே உள்ள பவளப்பாறை கல் அல்ல, உயிருள்ளது. மிதித்தால் சாகும். ஆகவே கரையில் நின்று விளக்கினால் போதும். சின்னப் பிள்ளைகளைப் படகில் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை.

கடல்தண்ணீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. உலகத்துத் தண்ணீர் எல்லாம் நூறு கோப்பை என்றால், 97 கோப்பை இந்த உப்புத் தண்ணீர். மிச்சம் மூன்றிலும் பெரும்பங்கு பனிக்கட்டி. குடிக்க, சமைக்க, பயிர் வளர்க்க நமக்குக் கிடைப்பது ஒரு கோப்பைக்கும் குறைவு. மலையில் இருக்கிற நாம் அந்தக் கோப்பையின் ஊற்றுக்கண்ணில் குடியிருக்கிறோம்.

கோட்டை வாசல் மான்கள்: கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் திரியும். சாப்பாடு சுற்றிவந்த பொலித்தீனை உப்புச் சுவைக்காகத் தின்று, வயிறு அடைத்து மான்கள் இறந்ததுண்டு. சோற்றை வாழை இலையிலோ டப்பாவிலோ கட்டிக் கொடுங்கள். வெறும் பை ஒன்றுகூட அங்கே விழக் கூடாது.

பெற்றோரும் ஆசிரியரும் மறக்கக் கூடாதவை

கடலில் கணுக்காலுக்கு மேல் பிள்ளைகள் இறங்கக் கூடாது. ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் கரையில் நின்று, கடலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். படம் பிடித்துக்கொண்டு நிற்பவர் காவல் கணக்கில் சேர மாட்டார். பஸ் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுங்கள். கொதித்தாறிய தண்ணீரை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் போத்தலில் கொடுங்கள். ஜீவனி பைக்கற்று நாலைந்து ஆசிரியர் பையில் இருக்கட்டும். குளிர் நாட்டுப் பிள்ளைகள் அந்த வெயிலில் சீக்கிரம் களைத்துப் போவார்கள். தொப்பி வேண்டும்.

திரும்பி வந்தபின்

வந்த மறுவாரம் பீலி, ஓடை, கந்தளாய், கடல் என்று நான்கு போத்தலையும் வகுப்பில் வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, தனித்தனிப் பீங்கானில் வெயிலில் காயவிடுங்கள். கடல்தண்ணீர்ப் பீங்கானில் வெள்ளையாக உப்பு நிற்கும். தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போய்விட்டது. அந்த ஆவிதான் மேகமாகி, மலைக்கு வந்து, மழையாகிறது. கடலுக்குப் போன தண்ணீர் திரும்பி வரும் வழியையும் பிள்ளை இப்படிக் கண்டுகொள்ளும்.

பிறகு பெரியவர்களின் முறை. "நாங்க ஒரு லயத்து ஆளுங்க, எங்களால என்னா ஆகப் போகுது?" என்று கேட்கலாம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலை நினைத்துப் பாருங்கள். மலையகத்தில் மண்சரிந்து உயிர்களும் வீடுகளும் போயின. அதே நாட்களில் மகாவலி பெருகி, திருகோணமலை மாவட்டத்தில் வெருகல், மூதூர்ப் பக்கத்து மக்கள் வெள்ளத்தில் வீட்டை விட்டு ஓடினார்கள். மேலே நடப்பதும் கீழே நடப்பதும் ஒரே தண்ணீரால் கட்டப்பட்டவை. புயலை நிறுத்த நம்மால் முடியாது. ஆனால் கீழ்க்கண்டவை முடியும்.

— கான்களைத் துப்புரவாக வைத்தல். அடைபட்ட கான் மண்ணை அறுக்கும், சரிவுக்கும் வழி வைக்கும். லயத்துக்கு மேலே நிலத்தில் வெடிப்புக் கண்டால் அன்றைக்கே கிராம சேவகருக்கும் தோட்ட நிருவாகத்துக்கும் அறிவித்தல்.
— மருந்தடிக்கும் தாங்கியையும் வாளியையும் ஓடையில் கழுவாமல் இருத்தல். வெறும் மருந்துப் போத்தல், உரப்பை எதையும் தண்ணீரில் போடாமல் இருத்தல்.
— பீலி ஊற்றுக்கு மேலே மாடு கட்டாமல், குப்பை கொட்டாமல், மரம் வெட்டாமல் காத்தல்.
— மலசலகூடம் இல்லாத, உடைந்த லயங்களின் கணக்கை எடுத்து, தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் எழுத்தில் கொடுத்தல். இது தொழிலாளி ஒருவரின் தலையில் மட்டும் கட்டக்கூடிய பொறுப்பு அல்ல. கேட்பது நமது உரிமை.

பிள்ளைகள் எழுதிய கொப்பியை வீட்டில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். போத்தல் அடியில் எத்தனை மில்லிமீற்றர் மண் என்று தங்கள் பிள்ளையே அளந்து எழுதிய கணக்கோடு போய் நின்றால், அலுவலகத்திலும் பேச்சுக்கு எடை இருக்கும்.

பிள்ளைகளுக்குக் கேள்விகள்

1. உங்கள் தோட்டத்து ஓடை எந்த ஆற்றில் சேருகிறது? அந்த ஆறு எந்தக் கடற்கரையில் முடிகிறது?
2. பொல்கொல்லையில் மகாவலித் தண்ணீர் இரண்டாகப் பிரிந்த பிறகு, இரண்டு பங்கும் திருகோணமலை மாவட்டத்துக்கு எப்படி வந்து சேருகின்றன?
3. ஜூலை மாதம் தலவாக்கலையில் மழை பெய்யும்போது திருகோணமலை காய்ந்திருப்பது ஏன்?
4. தெளிவான தண்ணீரையும் ஏன் கொதிக்கவைக்க வேண்டும்?
5. உங்கள் பீலி ஊற்றுக்கு மேலே போய்ப் பாருங்கள் (பெரியவர் ஒருவரோடு). அங்கே இருக்கக் கூடாத மூன்று பொருட்களை எழுதுங்கள். அவற்றை யார், எப்போது அகற்றுவது என்று வீட்டில் பேசி, அதையும் எழுதுங்கள்.